மூன்று வருடமாக ஒரே சாண்ட் வெட்ஜ்

கோல்ஃபில் மணலில் விழுந்த பந்தை வெளியே எடுக்கும் மட்டைதான் சாண்ட் வெட்ஜ். என்னுடையது 56 டிகிரி லாஃப்ட் (பந்தில் படும் முகத்தின் சாய்வு), 14 டிகிரி பவுன்ஸ் (அடிப்பாகத்தின் கோணம், கீழே சொல்கிறேன்). இந்த வெட்ஜ் என் கோல்ஃப் பைக்குள் வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு ரவுண்டு, அது போக பயிற்சி பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், ஒரு மணி நேரம். மணலில் இதை நன்றாகவே உழைக்க வைத்திருக்கிறேன்.

இதற்கு முன்பு வைத்திருந்த வெட்ஜுக்கு அடிப்பாகம் குறுகல், பவுன்ஸும் குறைவு. மணலில் மண்வெட்டி மாதிரி இறங்கி அப்படியே நின்றுவிடும். பந்து இரண்டடி நகர்ந்து மறுபடி பங்கருக்குள்ளேயே உருண்டு வரும். அந்தப் பயத்தில் அடுத்த அடியை மணலைத் தொடாமல் பந்திலேயே அடித்துவிடுவேன். அது கிரீனை, அதாவது குழி இருக்கும் புல்தரையை, தாண்டி எங்கோ போய் விழும்.

பவுன்ஸ் என்றால் என்ன என்பதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். வெட்ஜைச் சமமான தரையில் நிறுத்திப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முன் விளிம்பு தரையில் படாமல் கொஞ்சம் தூக்கி நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கும் வயிறுதான் தரையில் உட்காரும். மணலில் முதலில் படுவது அந்த வயிறாக இருந்தால், வெட்ஜ் உள்ளே புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாராசன் அடிப்பாகத்தில் உலோகத்தை உருக்கி ஒட்டி இதைத்தான் செய்து பார்த்தார். 1932 பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது அந்த வெட்ஜ் அவர் பையில் இருந்தது.

ஆனால் வாங்கிய கையோடு எதுவும் மாறவில்லை. முதல் இரண்டு மாதம் பழைய கதைதான். தவறு கிரிப்பில் இருந்தது. நான் முதலில் பிடித்துவிட்டு, பிறகு மணிக்கட்டைத் திருப்பி வெட்ஜின் முகத்தைத் திறந்துகொண்டிருந்தேன், அதாவது மேல்நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தேன். அடிக்கும் நேரத்தில் மணிக்கட்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடும், முகமும் மூடிக்கொள்ளும், முன் விளிம்பு மணலைத் தோண்டும். முகத்தை முதலில் திறந்து வைத்துவிட்டு அப்புறம் பிடிக்கப் பழகினேன். என் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் வந்தது அன்றுதான்.

இன்னொன்று, கோடு. பயிற்சி பங்கரில் மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்து, பந்தே வைக்காமல், கோட்டிலிருந்து மணல் கிளம்புகிறதா என்று மட்டும் பார்ப்பேன். எடையை முன்காலில் கொஞ்சம் கூடுதலாக வைத்து, ஃபாலோ த்ரூவை, அதாவது அடித்த பிறகும் தொடரும் வீச்சை, முழுசாக முடித்தால் கோடு தவறாமல் அழியும். அதன்பின் கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பந்து. சரியாக அமைந்த அடிக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, 'தப்' என்று. தோண்டும் சத்தம் வேறு. போட்டியில் மட்டும் இப்படி மணலைத் தொட்டு ஒத்திகை பார்த்துவிடாதீர்கள், மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம்.

வெட்ஜைத் திருப்பிப் பார்த்தால் இந்த மூன்று வருடமும் அதிலேயே தெரிகிறது. முதல் வருடம் தேய்மானம் முன் விளிம்பை ஒட்டி இருந்தது. இப்போது பளபளக்கும் இடம் அதற்குப் பின்னால், வயிற்றின் நடுவில். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

குறைகளும் உண்டு. மழைக்குப் பிறகு இறுகிப்போன மணலில் இந்த 14 டிகிரி எதிரியாகிவிடுகிறது. வெட்ஜ் மேலே துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். அங்கே பவுன்ஸ் குறைந்த 52 டிகிரி வெட்ஜை எடுத்து, முகத்தை அதிகம் திறக்காமல் அடிக்கிறேன். பந்து மணலில் புதைந்திருந்தால் இதே வெட்ஜ்தான், ஆனால் முகத்தை மூடிச் செங்குத்தாக இறக்க வேண்டும். பந்து வெளியே வந்துவிடும், ஆனால் நிற்காமல் ஓடும், அதற்கு இடம் விட்டுக் குறி வைக்க வேண்டும். ஒட்ட வெட்டிய ஃபேர்வேயில் (கிரீனுக்குப் போகும் புல்வெளியில்) சிப் என்ற சின்ன, தாழ்வான அடி அடிப்பதற்கும் இது அவ்வளவாக ஒத்துவராது.

வெட்ஜ் முகத்தில் செதுக்கிய கோடுகள் மழுங்கிவிட்டன. பங்கரில் பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் மணல் இருப்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புல்லிலிருந்து அடிக்கும் சிப்பில்தான் பந்து முன்பைவிட நீளமாக ஓடுகிறது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் நீங்கள் வழக்கமாக ஆடும் இடத்துப் பங்கரில் நின்று காலைத் திருகிப் பாருங்கள். ஷூ சுலபமாக இறங்கினால் 12, 14 டிகிரி பவுன்ஸ். அடியில் கெட்டியாகத் தட்டினால் 8 அல்லது 10 போதும்.