ஏழு வருஷ நூலக அட்டை: பொன்னாடையும் சுண்டலும்

2018 ஆகஸ்டில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். சேலம் வட்டாரத் தெருக்கூத்துதான் தலைப்பு. வார நாட்களில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் புதிய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்தால் மாலை வரை பல்கலைக்கழக நூலகம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, வாராவாரம் முகம் பார்க்கிற மனிதர்கள்.

புத்தக இருப்பு, இணைய வசதி, ஃபேன் ஓடுகிறதா என்பதெல்லாம் சேரும்போதே விசாரித்துக்கொள்ளலாம். நான் எழுத நினைத்தது அங்கே நடக்கும் விழாக்களையும் பணியாளர்களுக்கு நடத்தும் பயிற்சிகளையும் பற்றி. நூலகத்துக்கு எதற்கு விழா என்று முகம் சுளித்தவள்தான் நானும். இப்போது பாதி சுளிப்பு போய்விட்டது. மீதி இருக்கிறது.

நான் பார்த்த முதல் விழா ஆகஸ்ட் 12, நூலகர் தினம். எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளையும் பெரிய ஃபிளெக்ஸில் அச்சடித்து, புதிய வரவுப் புத்தக அலமாரியின் முன்னால் கட்டியிருந்தார்கள். நாலாவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. அந்த விதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் குனிந்து உள்ளே போய்ப் புத்தகம் எடுக்க வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் ஆளில்லை, எல்லோரும் மேடைப் பக்கம். இரண்டு மணி நேர விழாவில் பொன்னாடைக்கு மட்டும் ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் திருப்பிக் கொடுக்க வந்த மூன்று புத்தகங்களைச் சாயங்காலம் நாலரைக்குத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அவையும் இதே அச்சு. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வினாடி வினா நடத்தினார்கள். என்ன பதில் சொன்னாலும் மின்சான்றிதழ் மெயிலில் வந்துவிடும். என்னிடம் பதினொன்று இருக்கிறது. எங்கள் கல்லூரியில் ஒருவரிடம் நாற்பதுக்கு மேல்.

மாற்றம் வந்தது ஆயுத பூஜையில். அதை யாரும் பயிற்சி என்றோ கலைவிழா என்றோ சொல்லமாட்டார்கள். பூஜைக்கு முந்தைய வேலை நாளில் பணியாளர்கள் எல்லோரும் இறங்கி ஒட்டடை அடிப்பார்கள். 2022-இல் முதல் தடவையாக, விருப்பமுள்ள வாசகர்களும் வரலாம் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். ரேக்குகளைச் சுவரிலிருந்து நகர்த்தினால் பின்னால் விழுந்து கிடந்த புத்தகங்கள் ஒரு தள்ளுவண்டி நிறைய வந்தன. 1883-இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு ஆன்லைனில் கிடைத்தாலும் திரையில் படித்துக் கண் எரிந்தது. நூலகத்தில் அதன் பைண்டு செய்த நகல் ஒன்று உண்டு. மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். “போன மாசம்தான் பார்த்தேன் மேடம்” என்றே ஒவ்வொரு முறையும் பதில். அன்றைக்கு அடுக்குப் பகுதி உதவியாளர் அண்ணன் ஒரு கட்டைத் தட்டித் துடைத்துவிட்டு, “மேடம், நீங்க தேடுனீங்களே, இதுதானே?” என்றார். கணக்கெடுப்பு என்று காகிதத்தில் நடந்ததைவிட அந்த ஒட்டடை நாள்தான் நிஜமான கணக்கெடுப்பு. முடிந்ததும் கணினிகளுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம், எங்களுக்குப் பொரி, கடலை, சுண்டல். பூஜையில் வைத்த புத்தகத்தைத் தொடக்கூடாது என்பார்கள். ஒரு நூலகம் முழுக்கப் பூஜையில் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வருஷ நூலக வாரத்தில் கூத்து வைத்தார்கள். இதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. விடிய விடிய நடக்கும் கூத்தை நாற்பது நிமிஷத்துக்கு வெட்டச் சொல்வது, சமையல் முடிந்ததும் ருசி பார்த்துவிட்டுப் போங்கள் என்பது போல. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பல இரவு நடப்பதை மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் அடக்க முடியுமா? ஆனாலும் அன்று ஒன்று நடந்தது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். குழுவினர் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கிறார்கள், கூட்டம் கலையப் பார்க்கிறது. யாரோ அந்த அடுக்குப் பகுதி அண்ணனின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய அப்பா மிருதங்கக்காரர் என்பது ஐந்து வருஷமாக அவரிடம் புத்தகம் வாங்கிய எனக்கே அப்போதுதான் தெரியும். கிரீடமும் புஜக்கட்டையும் ஏன் கல்யாண முருங்கை மரத்தில் செய்கிறார்கள் (எடை இருக்காது, இரவெல்லாம் ஆட வேண்டுமே), வேஷம் நேரே வராமல் இரண்டு பேர் பிடிக்கிற திரைக்குப் பின்னாலிருந்து ஏன் பாடிக்கொண்டு வருகிறது, முகவீணை என்கிற சின்னக் குழலை ஊதுகிறவர் மூச்சை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று பத்து நிமிஷம் பேசினார். நான் இருபது பக்கத்தில் எழுதி, நெறியாளர் சிவப்பு மையால் அடித்த விஷயம்.

அதற்குப் பிறகு கூத்து பற்றி யார் கேட்டாலும் கவுன்ட்டரில் அவரிடம்தான் அனுப்பினார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்குகிற டூயி தசமப் பகுப்பில் இந்தப் பொருள் நாலு திசையில் சிதறிக் கிடக்கும். நாட்டார் வழக்காறு என்றால் 398, மேடைக் கலை என்றால் 792, கூத்துப் பிரதியாக அச்சானால் தமிழ் இலக்கியத்தோடு 894.811, கோயில் திருவிழா என்று யாராவது நினைத்திருந்தால் 294.5. எந்த எண்ணும் தப்பில்லை, ஆனால் தேடுகிறவர் மூன்று தளம் ஏறி இறங்க வேண்டும். அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் புத்தகத்தின் பெயர், எண், எந்த ரேக்கில் எத்தனாவது தட்டு என்று கையால் எழுதிவைத்தார். இப்போது அதன் நகல் 792 ரேக்கின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது.

பணியாளர் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகப் பட்டியலையும் இரவல் கணக்கையும் பார்த்துக்கொள்கிற கோஹா மென்பொருளுக்கு நூலகம் மாறியபோது வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். இரண்டு நாளும் கவுன்ட்டர் மூடல். மூன்றாம் நாள் போய் ஒரு புத்தகத்தை முன்பதிவு செய்யச் சொன்னால், “அது எங்க இருக்குன்னு தெரியல மேடம், பயிற்சியில வேகமா போயிட்டார்.” பிறகு அவர்களே சனிக்கிழமை மூடும் நேரத்துக்கு முன் அரை மணி ஒதுக்கினார்கள், ஒரு வாரம் ஒருவர், தனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை மற்றவர்களுக்குக் காட்டுவார். நான் பக்கத்து மேஜையில் இருந்ததால் எனக்கும் இலவசப் பாடம்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் தமிழ்த் தலைப்புகள் ஏன் தேடினால் கிடைப்பதில்லை என்பது வெளியே வந்தது. பழைய பதிவுகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் ஏற்றியவை. தெருக்கூத்துக்கு ஒருவர் இரண்டு ஓ போட்டிருப்பார், இன்னொருவர் ஒரு யு. டி-க்குப் பின்னால் எச் சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது. க் ஒற்று ஏற்றியவரின் மனநிலையைப் பொறுத்தது. ஏழு விதமாகத் தட்டினால் ஏழு பட்டியல் வரும். புதிதாக வருவதையாவது தமிழ் எழுத்திலேயே, யூனிகோடில் ஏற்றலாம் என்று அன்று முடிவு செய்தார்கள். இன்று 2023-க்குப் பிந்தைய புத்தகங்கள் ஒரே தேடலில் வந்து நிற்கின்றன. பழையவை மெதுவாக மாறிக்கொண்டிருக்கின்றன. ‘அ’ வரிசை முடிந்து ‘க’-வில் நிற்பதாகக் கேள்வி. அங்கே நின்றுவிடுமோ என்றும் பயம், ஏனென்றால் நன்றாகக் கற்றுக்கொண்டவர்களில் இருவரை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

போன வருஷம் பணியாளர்களுக்கு ஏற்காடு சுற்றுலா. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாறைகளையும், தாவரவியல் தோட்டத்துக் குடுவைத் தாவரத்தையும், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட்; ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில்தான் இருந்தார். திரும்பி வந்த வாரமே ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை பற்றி நூலகத்தில் இருந்த அத்தனையும் ஒரு மேஜைக்கு வந்தன: புவியியல், காப்பித் தோட்டம், மலையாளிப் பழங்குடிகள், பழைய வரைபடம். ஏழு வருஷத்தில் நான் பார்த்த காட்சிகளில் அதுதான் சிறந்தது. ஃபிளெக்ஸ் கிடையாது, ரிப்பன் கிடையாது, மேஜையிலிருந்து புத்தகத்தை அப்படியே எடுத்துப் பதிந்துகொண்டும் போகலாம்.

அடுக்குப் பகுதி அண்ணன் அந்தப் பஸ்ஸில் இல்லை. தொகுப்பூதியப் பணியாளர்கள் யாருமே இல்லை. கேட்டேன். “லிஸ்ட்ல பேர் வேணுமுங்க மேடம். நமக்கு ஏற்காடு என்ன தூரமா, நினைச்சா போயிக்கலாம்” என்றார். மேஜைக்குப் புத்தகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவர்தான். இதை ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டேன், இரண்டு தடவை. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. திறந்து யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு: அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயர் நாலுக்கு மேல் இருந்தால் அன்று புத்தகம் திருப்பப் போகாதீர்கள். சனிக்கிழமை கடைசி அரை மணிக்கு ஒரு நாற்காலி பிடித்து உட்காருங்கள்.

அடுத்த மார்ச்சுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு நூலகத்தில் நோ டியூ, அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும், வாங்கினால் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போதே வாங்கிவிடலாம் என்று நெறியாளர் சொல்கிறார். ஆயுத பூஜை முடியட்டும் சார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 398-க்குப் பின்னால் இன்னும் யாரும் நகர்த்தாத ரேக் ஒன்று இருக்கிறது.