டைட்டன் புகைமூட்டத்தை ஆய்வகத்தில் உருவாக்க: பிளாஸ்மாவா, புற ஊதா விளக்கா?

மதுரையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், முதுகலை வேதியியல் மாணவர்கள் சிலர் சனிக்கோளின் துணைக்கோள் டைட்டனைப் பற்றி ஆய்வுத் திட்டம் கேட்டு வந்தார்கள். டைட்டனைப் போர்த்தியிருக்கும் கரிமப் புகைமூட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் உருவாக்கி, அதிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது இலேசான நைட்ரஜன்-14 அணுவும் கனமான நைட்ரஜன்-15 அணுவும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை, அளப்பது என்று முடிவானது. உருவாக்குவதற்கு வழி இரண்டு. மீத்தேன் சிறிதளவு கலந்த நைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, உயர் மின்னழுத்தத்தால் பிளாஸ்மா, அதாவது மின்னேறி ஒளிரும் வாயு, ஏற்படுத்தலாம். அல்லது டியூட்டீரியம் விளக்கின் புற ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சலாம். நாங்கள் பிளாஸ்மாவை எடுத்தோம். இன்னொருவர் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம், விளக்குதான் அதிகம். நச்சு வாயு விஷயத்தில் இரண்டும் ஒன்றே. இரண்டு வழியிலும் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு உண்டாகும், ஆகவே பம்பிலிருந்து வெளியேறும் வாயு புகைபோக்கி அறைக்குள்தான் போக வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

ஐசோடோப்பை ஏன் அளக்க வேண்டும்? பூமிக் காற்றில் ஒரு நைட்ரஜன்-15 அணுவுக்கு 272 நைட்ரஜன்-14 அணுக்கள் உண்டு. 2005 ஜனவரி 14 அன்று டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் கலம், அங்குள்ள நைட்ரஜன் வாயுவில் இந்த விகிதத்தைச் சுமார் 168 என்று அளந்தது. ஆனால் அதே வளிமண்டலத்து ஹைட்ரஜன் சயனைடில் அது ஏறத்தாழ 60 முதல் 70 வரைதான். அதாவது, கனமான நைட்ரஜன் அங்கே இரண்டரை மடங்கு செறிந்து கிடக்கிறது. மேலடுக்கில் 80 முதல் 100 நானோமீட்டர் வரையிலான ஒளியைச் சாதாரண நைட்ரஜன் மூலக்கூறுகள் முதலிலேயே உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. நைட்ரஜன்-15 உள்ள மூலக்கூறு உறிஞ்சும் அலைநீளம் கொஞ்சம் தள்ளியிருப்பதால், அதற்கான ஒளி இன்னும் கீழே வரை இறங்கி அதை உடைக்கிறது. அப்படி உடைந்த அணுக்கள்தான் சயனைடில் சேர்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வுக்கு இப்போது சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

விளக்கின் பக்கம் நிற்பவர்கள் சொல்வது, சூரியன் தருவது ஒளி, ஆகவே ஒளியால் செய்வதே இயற்கைக்கு நெருக்கம் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டியூட்டீரியம் விளக்கின் மெக்னீசியம் ஃபுளோரைடு ஜன்னல் சுமார் 115 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது. நைட்ரஜனை நேரடியாக உடைக்கும் ஒளி அதற்கும் கீழே இருக்கிறது. அப்படியிருந்தும் விளக்கில் உண்டாகும் துகள்களில் நைட்ரஜன் சேர்கிறது என்பது ஆச்சரியமான, அருமையான வேதியியல். ஆனால் நாங்கள் தேடிய விஷயத்தில் சூரியனுக்கு நெருக்கம் என்ற பெருமை விளக்குக்கும் கிடையாது. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மோதி நைட்ரஜனை உடைத்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, குறிப்பாக அந்த ஜன்னல். நாம் உண்டாக்கும் பொருள் முதலில் படிவதே ஒளி நுழையும் ஜன்னலின் உள்பக்கத்தில்தான். கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி ஒரு மெல்லிய படலம் ஏறும். அது புற ஊதாவை உறிஞ்சும். ஓட ஓட ஒளி மங்கும், விளைச்சல் குறையும், எவ்வளவு ஒளி உள்ளே போனது என்ற கணக்கும் கைநழுவும். துணியால் துடைத்தால் போகாது. மெருகேற்றும் நுண்பொடி வைத்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும், கீறல் விழுந்தால் ஜன்னலே போச்சு. ஐசோடோப்பு வேலையில் இது இரட்டைத் தொல்லை. அளவீட்டுக்கு அனுப்பும் மாதிரியில் நைட்ரஜன் மட்டுமே சில பத்து மைக்ரோகிராம் இருந்தால்தான் நம்பிப் படிக்க முடியும். அதைச் சேர்க்க விளக்கை நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். நேரம் கூடக்கூட, ரப்பர் வளையங்கள் வழியாகக் காற்று கசிய வாய்ப்பும் கூடும், ஆக்சிஜன் புகுந்து பொருளையே மாற்றும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாள் நடுவில் வந்துவிட்டால் அன்றைய ஓட்டம் அதோடு சரி.

பிளாஸ்மாவுக்கு ஜன்னலே தேவையில்லை. எல்.இ.டி. வந்த பிறகு கழற்றிப் போடப்பட்ட நியான் போர்டு டிரான்ஸ்பார்மர் ஒன்றை, சிம்மக்கல் பக்கம் போர்டு வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் வாங்கினோம். "எர்த்து போடாம சுவிட்சைத் தொடாதீங்க சார்" என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். குழாயில் ஊதா நிற ஒளிர்வு பிடித்ததும், சுவரில் மஞ்சள் படிந்து பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுரண்டினால் மில்லிகிராம் கணக்கில் பொடி கிடைக்கும். குழாயை வெறும் காற்றில் சூடாக்கினால் மிச்சப் படிவு எரிந்து சுத்தமாகிவிடும்.

பிளாஸ்மாவில் செய்த துகள்களில் உள்ள நைட்ரஜன், தொடக்க நைட்ரஜனைவிட ஆயிரத்துக்கு 15 முதல் 25 பங்கு வரை இலேசாக, அதாவது நைட்ரஜன்-15 அந்த அளவு குறைவாக, இருப்பது ஏற்கெனவே வெளியான முடிவு. விளக்கில் செய்தவையும் பெரும்பாலும் இலேசான பக்கமே சாய்கின்றன. டைட்டனின் சயனைடோ கனமான பக்கம். ஆகவே எங்கள் குழாய் காட்டுவது துகளாகத் திரளும் கட்டத்தை மட்டும்தான். மேலடுக்கில் ஒளி செய்யும் பிரிப்பை அது காட்டாது.

விளக்கை இரவல் வாங்கிக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்த அனுபவம்தான் எனக்கு. வாயு ஓட்டத்தை வைத்தே ஜன்னலைச் சுத்தமாகக் காக்கும் அமைப்புகளை நான் கையாண்டதில்லை. கனமான கார்பனான கார்பன்-13 தான் உங்கள் கேள்வி என்றால் விளக்கை எடுங்கள். மீத்தேன் கலவையில் கொஞ்சமே இருப்பதால் பிளாஸ்மா அதை வேகமாகத் தின்று தீர்த்துவிடும். மிஞ்சும் மீத்தேனின் கார்பன் விகிதமே நகர்ந்துவிடும். நைட்ரஜன் நிறைய இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

எதை எடுத்தாலும், துகளோடு சேர்த்துச் சிலிண்டர் வாயுவையும் அளக்கக் கொடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் மீத்தேனின் கார்பன் விகிதம் நிறையவே மாறும்.