மேடிசன் ஸ்கொயர் கார்டன்: ஆட வருவார்கள், தங்க மாட்டார்கள்

நியூயார்க்கில், அந்த ஊரின் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணியான நிக்ஸின் ஓர் ஆட்டத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. பார்த்தாயிற்று. அரங்கத்துக்கு முழு மதிப்பெண். பென் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால் நம் தலைக்கு மேலேயே கார்டன். 1968 முதல் இங்கேதான் இருக்கிறது, கூடைப்பந்துக்கு 19,812 பேர் உட்காரலாம். கூரையைக் கம்பி வடங்கள் தாங்குவதால் நடுவில் தூண் எதுவும் கிடையாது. நான் உட்கார்ந்தது மேலே தொங்கும் பாலத்து இருக்கையில். தரையிலிருந்து தூரம்தான், ஆனால் ஐந்து பேரும் எப்படி நகர்கிறார்கள் என்பது கோலம் போட்ட மாதிரி தெரிகிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். 1970, 1973 கோப்பைகளின் கொடிகளையும் நிமிர்ந்து பாருங்கள்.

இவ்வளவு நல்ல இடம், நாட்டிலேயே பெரிய நகரம், அப்புறம் ஏன் பெரிய வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே வரவில்லை என்ற கேள்வி ஆட்டம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரணி நட்சத்திரங்களாக வந்து 2009 பிப்ரவரியில் கோபி பிரையன்ட் 61 புள்ளி, இரண்டு நாள் கழித்து லெப்ரான் ஜேம்ஸ் 52, 2013-இல் ஸ்டெஃபன் கரி 54, எல்லாம் இதே தரையில்தான். பெண் பார்க்க வந்து, சொஜ்ஜி பஜ்ஜியை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, சம்பந்தத்தை வேறு வீட்டில் முடித்துக்கொண்ட கதைதான். 2010-இல் லெப்ரான் மயாமிக்குப் போனார். 2019 ஜனவரியில் இரண்டு மேக்ஸ் ஒப்பந்தத்துக்கு (லீக் அனுமதிக்கும் உச்சபட்ச சம்பளம்) இடம் வேண்டுமென்று தங்கள் நட்சத்திரம் போர்சிங்கிஸையே டல்லஸுக்கு அனுப்பினார்கள், அந்த சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி. ஜூன் 30 அன்று நட்சத்திர வீரர்கள் கெவின் டுரான்ட்டும் கைரி இர்விங்கும் நிக்ஸை விட்டு, ஆற்றைத் தாண்டி புரூக்ளின் அணியில் சேர்ந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்றைய பிள்ளைகள் நிக்ஸ் நன்றாக ஆடிப் பார்த்ததே இல்லை என்று டுரான்ட் பிறகு ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். கசப்பான பேச்சு, ஆனால் உண்மை.

பெரிய ஊர் என்றால் பணம் கொட்டும் என்று நினைக்கிறோம். லீக் விதி அதற்கு இடம் தருவதில்லை. மேக்ஸ் சம்பளத்தின் உச்சவரம்பு எந்த ஊரிலும் ஒன்றுதான், ஒப்பந்தத்தில் ஐந்தாவது வருடத்தைக் கூட்டித் தர முடிவது வீரருடைய பழைய அணிக்கு மட்டும். ஃபுளோரிடாவிலும் டெக்சாஸிலும் மாநில வருமான வரியே கிடையாது, நியூயார்க்கிலோ மாநிலத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. ஷூ விளம்பரம் எந்த ஊரில் ஆடினாலும் தேடி வரும். மிச்சம் என்ன? நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா, கூட ஆடுகிறவன் யார், இவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸும் இதில் அடிபட்டதுதான்: 2016-இல் அந்த ஊர் அணியான லேக்கர்ஸுக்கு டுரான்ட் ஒரு சந்திப்புக்கூடத் தரவில்லை, அவர்கள் டிமோஃபி மோஸ்கோவ் என்ற வீரருக்கு 6.4 கோடி டாலர், லுவால் டெங்குக்கு 7.2 கோடி டாலர் என்று நாலு வருட ஒப்பந்தம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நிக்ஸ் மாறியது பெரிய பெயரைத் துரத்துவதை விட்ட பிறகுதான். 2020-இல் லியான் ரோஸ் தலைவராக வந்தார். 2022-இல் ஜேலன் பிரன்சன் என்ற வீரர் நாலு வருடம், 10.4 கோடி டாலருக்கு வந்தபோது அதிகம் என்று பலர் முணுமுணுத்தார்கள். அவருடைய அப்பா முன்பு இதே அணியில் ஆடியவர், அதே கோடையில் துணைப் பயிற்சியாளராகவும் சேர்ந்திருந்தார். பிரன்சன் வந்த பிறகு அவருடைய கல்லூரித் தோழர்கள் ஹார்ட், டிவின்சென்சோ, பிரிட்ஜஸ் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். இதில் ஃப்ரீ ஏஜென்ட்டாக, அதாவது ஒப்பந்தம் முடிந்து தானே தேர்ந்தெடுத்து வந்தவர் டிவின்சென்சோ மட்டுமே, மற்ற இருவரும் டிரேடில், அதாவது அணிகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில். 2025-இல் லீக்கின் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்று, 2000-க்குப் பிறகு முதல் தடவை.

நான் போன அன்று பிரன்சன் இலவச வீசலுக்கு நின்றபோது மொத்த அரங்கமும் எம்.வி.பி. (மிகச் சிறந்த வீரர்) என்று கத்தியது, எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். டிக்கெட் விலை அதிகம்தான். ஆனாலும் போங்கள், ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வீரர்கள் பயிற்சி செய்வதையும் பாருங்கள்.