லாக்வுட் அண்ட் கோ: ஒரே சீசனில் நின்ற தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில்

பாதியில் நின்றுபோன தொடரைப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். இந்த ஒரு தொடருக்கு மட்டும் அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. 2023 ஜனவரி 27 அன்று நெட்ஃப்ளிக்ஸில் 8 எபிசோடுகளும் ஒரேயடியாக வந்தன. அதே ஆண்டு மே மாதம், அடுத்த சீசன் கிடையாது என்று செய்தி வந்துவிட்டது. வந்த புதிதில் பார்த்தவன் நான். அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்ட விடுமுறை நாளில், காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஊருக்குப் போகும் ரயிலில் என்று இன்றுவரை போட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால் இது முதல் பார்வை விமர்சனம் இல்லை. பல தடவை பார்த்த பிறகு எது தேய்ந்தது, எது தேயவில்லை என்ற கணக்கு.

தெரியாதவர்களுக்குக் கதைக்களம்: ஜோனதன் ஸ்ட்ரௌட் 2013 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஒன்றாக எழுதிய 5 நாவல்கள்தான் மூலம். சுமார் 50 வருடமாக பிரிட்டன் முழுக்கப் பேய்கள் நடமாடுகின்றன. தொட்டால் சாவு. பெரியவர்களுக்கு அவை கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. சிறுவர் சிறுமியருக்கு மட்டுமே அந்தப் புலன் உண்டு, அதுவும் வயது ஏற ஏற மங்கிவிடும். எனவே இரவில் வாளோடு வெளியே போய்ப் பேயை அடக்குவது பதின்பருவப் பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் ஏஜென்சி நடத்துவார்கள், மேற்பார்வை பார்ப்பார்கள். பெரியவர்கள் யாருமே இல்லாத ஒரு குட்டி ஏஜென்சிதான் லாக்வுட் அண்ட் கோ. லண்டனில் 35, போர்ட்லண்ட் ரோ என்ற வீட்டில் மூன்றே பேர்: ஆந்தனி லாக்வுட், லூசி கார்லைல், ஜார்ஜ் கரீம்.

மர்மம் முதல் தடவையோடு தீர்ந்துபோகும். கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் முதல் மூன்று எபிசோடுகளின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. பயமும் இரண்டாம் தடவையில் பாதியாகிவிடும். ஆனால் வேலை செய்யும் விதம் இருக்கிறதே, அது அலுக்கவில்லை. பேயை விரட்ட மந்திரமோ பூசையோ கிடையாது. இரும்பு, உப்பு, வெள்ளி, ஓடும் தண்ணீர் இவைதான். தரையில் இரும்புச் சங்கிலியை வட்டமாகப் போட்டு உள்ளே நின்றுகொள்வார்கள். இடுப்பில் உப்பு குண்டும் இரும்புத்தூளும். கையில் மெல்லிய வாள். ஒவ்வொரு பேயும் ஏதோ ஒரு பொருளோடு கட்டுண்டிருக்கும். எலும்பாக இருக்கலாம், நகையாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து வெள்ளியால் மூடினால்தான் அன்றைய வேலை முடிந்தது. ஒரு தொழிலுக்கு உண்டான சலிப்பு, அவசரம், அலட்சியம் எல்லாம் இதில் இருக்கின்றன. முதல் எபிசோடில் ஷீன் ரோடு வீட்டு வேலைக்கு, ஜார்ஜ் பழைய ஆவணங்களைத் தேடி முடிக்கும்வரை பொறுக்காமல் மற்ற இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். வீடே எரிந்துபோகிறது. நஷ்டஈடாக 60,000 பவுண்டு தலையில் விழுகிறது. அந்தப் பணத்துக்காகத்தான் கோம்ப் கேரி ஹால் என்ற மகா பொல்லாத மாளிகைக்குப் போக வேண்டிவருகிறது. பேய்க்கதைக்கு உந்துவிசை கடன் பாக்கி! எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

சமையலறை மேசையில் ஒரு துணி விரித்திருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். வெறும் மேசைவிரிப்புதான். டீ குடித்துக்கொண்டே யோசனைகள், படங்கள், கிண்டல்கள் எல்லாவற்றையும் அதன்மேல் பேனாவால் கிறுக்கி வைப்பார்கள். நாவலிலும் உண்டு. அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை, திட்ட ஆள் இல்லை என்பதை அந்த அழுக்குத் துணி வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது. முதல் தடவை என் கண்ணில் பட்டது வாளும் பேயும்தான். இப்போது அந்த மேசையைச் சுற்றி நடக்கும் காட்சிகளுக்காகத்தான் போடுகிறேன்.

இன்னொன்று ஜார்ஜ். நாவலில் அவன் பெயர் ஜார்ஜ் கபின்ஸ். தொடரில் ஜார்ஜ் கரீமாக மாற்றி, அலி ஹாஜி-ஹெஷ்மதியை நடிக்க வைத்தார்கள். முதலில் பார்க்கும்போது லாக்வுட்டாக வரும் கேமரன் சாப்மனின் கோட்டும் சிரிப்பும், லூசியாக வரும் ரூபி ஸ்டோக்ஸின் முறைப்பும் கண்ணை இழுத்துக்கொள்ளும். திரும்பப் பார்க்கையில்தான், அவர்கள் இருவரும் நெருங்க நெருங்க ஜார்ஜ் எப்படி ஓரமாக ஒதுங்குகிறான் என்பது முதல் எபிசோடிலிருந்தே தெரிகிறது. பிற்பாதியில் வரும் எலும்புக் கண்ணாடி (எலும்புகளைக் கோத்துச் செய்த, பார்ப்பவரைப் பிடித்து ஆட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி) அவனை மட்டும் ஏன் அந்தப் பாடு படுத்துகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. முன்னரே விதைத்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மூவரில் அலியின் நடிப்புதான் தூக்கல்.

தேய்ந்த விஷயங்களையும் சொல்ல வேண்டும். நாலாவது எபிசோடிலிருந்து எட்டு வரை இரண்டாம் நாவல். கல்லறை, திருட்டு ஏலம், போட்டி ஏஜென்சி, தங்க வாள்காரன் என்று ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். முதல் பார்வையில் விறுவிறுப்பாக இருந்தது. இப்போது ஏழாவது எபிசோடு வந்தாலே ரிமோட்டைக் கை தேடுகிறது. லாக்வுட்டும் லூசியும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் இடங்களும் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் உலகம் மட்டும் அசையாமல் நிற்கிறது. இந்த லண்டனில் செல்போன் இல்லை, இணையம் இல்லை. பேய்ப் பிரச்சினையில் நாடு சிக்கிக்கொண்டதால் தொழில்நுட்பம் கேசட் காலத்தோடு நின்றுவிட்டது. பின்னணியில் தி க்யூர், பௌஹாஸ் போன்ற 80களின் இசைக்குழுக்களின் இருண்ட பாட்டுகள். தெருவில் பேயை விரட்டும் விளக்குகள், இருட்டினால் ஊரடங்கு. இதையெல்லாம் உட்கார்ந்து விளக்காமல் ஓரமாகக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பொறுப்பு ஜோ கார்னிஷ். 'அட்டாக் த பிளாக்' படம் எடுத்தவர். அதிலும் பெரியவர்களை நம்பாத லண்டன் பிள்ளைகள்தான். பெரியவர்களுக்குப் பேய்தான் தெரியாது, காசை எண்ணி வாங்கத் தெரியும். பிள்ளைகள் செத்தால் பழியை யார் தலையில் போடுவது என்றும் தெரியும். லூசியின் பழைய வேலையிடத்தில் நடப்பது அதுதான். அந்தப் பகுதி மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே கோபத்தைக் கிளப்புகிறது.

பார்க்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. பகலில், ஜன்னல் திறந்த அறையில் பார்க்காதீர்கள். பாதிக் கதை இருட்டில் நடக்கிறது, திரையில் உங்கள் முகம்தான் தெரியும். ரயிலில் போனில் பார்த்தபோது கோம்ப் கேரி மாளிகைக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே புரியவில்லை. ஹெட்போன் கட்டாயம். லூசியின் திறமையே கேட்பதுதான். பேய் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அதன் முணுமுணுப்பு காதுக்குள் வந்துவிடும். டிவி ஸ்பீக்கரில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, அது அப்படியே அமுங்கிப்போகிறது. சப்டைட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள், எல்லோரும் வேகமாகப் பேசுகிறார்கள்.

எட்டு வயதுக் குழந்தையோடு பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். பன்னிரண்டுக்கு மேல் என்றால் சரி, கூட ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

சரி, முக்கியமான கேள்வி: நடுவில் அறுந்துவிடுகிறதா? பெரும்பாலும் இல்லை. 8 எபிசோடுகளில் இரண்டு நாவல்களை முழுதாகச் சொல்லி, இரண்டு வழக்குகளையும் முடித்துவைக்கிறார்கள். அதனால்தான் நின்றுபோன மற்ற தொடர்களைவிட இது பார்க்கத் தாங்குகிறது. ஆனால் சீசன் முழுக்கப் பூட்டியே கிடக்கும் ஓர் அறை அந்த வீட்டில் உண்டு. கடைசியில் லாக்வுட் அந்தக் கதவைத் தன் நண்பர்களுக்குத் திறந்துவிடுகிறான். அங்கே முடிகிறது. முதல் தடவை, அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன். மே மாதச் செய்திக்குப் பிறகு அதே காட்சியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ரசிகர்கள் மனு போட்டார்கள், சமூக ஊடகத்தில் கோஷம் எழுப்பினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நடிகர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. பதின்பருவத்தைத் தாண்டினால் வேலையே போய்விடும் என்கிற கதையில் இது சின்னப் பிரச்சினை இல்லை. இனி இதே மூவரோடு தொடரும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

மிச்சக் கதை வேண்டுமென்றால் நாவல்கள்தான் வழி. ஐந்தும் முடிந்த கதை; ஆசிரியர் யாரையும் அந்தரத்தில் விடவில்லை. தொடரில் மூன்றே எபிசோடில் ஓடிவிடும் முதல் வழக்கு, நாவலில் நிதானமாகப் பயமுறுத்துகிறது. லூசியே கதை சொல்வதால் அவளுடைய நக்கல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஜாடிக்குள் அடைபட்டு லூசியோடு பேசும் பேயான மண்டையோட்டுக்கும் அங்கே பேச்சு அதிகம், அதன் வாய்த்துடுக்குக்காகவே மூன்றாம், நாலாம் நாவல்களைப் படிக்கலாம். தொடர் பார்த்தாயிற்று என்று நேரே மூன்றாவதில் ஆரம்பிக்காதீர்கள். லூசியின் தோழி நோரி தொடரில் உணர்வற்றுக் கிடந்தாலும் உயிரோடு இருக்கிறாள், நாவலில் அவள் இறந்துவிடுகிறாள். இது போல மாற்றங்கள் இன்னும் உண்டு. முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள்.