துணைப் போர்க்கப்பல்களைத் தேட நியூஸ்பேப்பர்எஸ்ஜி எவ்வளவு உதவும்?

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறிய கப்பல்கள் பலவும் கடற்படைக்கென்று கட்டப்பட்டவை அல்ல. 'லீ வோ' யாங்ட்சி ஆற்றுக்காகக் கட்டிய பயணிக் கப்பல். 'வைனர் புரூக்' சிங்கப்பூருக்கும் கூச்சிங்குக்கும் இடையே ஓடியது. 'குவாலா', 'ஜியாங் பீ' இரண்டும் இந்த வட்டார வணிகக் கப்பல்கள். பிரிட்டிஷ் அரசு இவற்றை எடுத்துக்கொண்டு ஆயுதம் பொருத்தியது. இப்படி மாற்றப்பட்டவையே துணைப் போர்க்கப்பல்கள். இவற்றின் போருக்கு முந்தைய வாழ்க்கையைத் தேட, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ் இணையக் காப்பகமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி அருமையான இலவசச் சேவை. ஒரு கப்பல் எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய மட்டும் அது போதாது.

அதன் பெரும்பலம் விளம்பரங்கள். கப்பல் நிறுவனங்கள் புறப்பாட்டு நாள், துறைமுகம், முகவர் விவரங்களை நாளிதழில் போட்டுவந்தன. பெயரை மட்டும் தட்டினால் குப்பையில் சிக்குவீர்கள். 'வைனர் புரூக்' என்றால் அதே பெயர் கொண்ட சரவாக்கின் ராஜா வந்து நிற்பார். 'குவாலா' (Kuala) என்றால் கோலாலம்பூர் (Kuala Lumpur) செய்திகள் குவியும். மேற்கோள் குறிக்குள் முழுப் பெயரையும் இட்டு, உள்ளடக்க வகையை விளம்பரம் என்று மாற்றி, ஆண்டு வரம்பையும் குறுக்குங்கள். வைனர் புரூக் 1927-இல் நீரில் இறக்கப்பட்டது. எனவே 1927 முதல் 1941 வரை போதும். பழைய அச்சை இயந்திரம் படித்திருப்பதால் எழுத்துகள் சிதைந்திருக்கும். லீ வோவை இரு சொல்லாகவும், ஒரே சொல்லாகவும், இடைக்கோடு இட்டும் தேட வேண்டும். எழுத்து வடிவத்தை நம்பாமல் பக்கப் படத்தையே திறந்து படியுங்கள்.

போர்க்காலத்துக்கு வந்தால் தடம் அறுந்துவிடும். கப்பல் நடமாட்டம் தணிக்கைக்கு உட்பட்டது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1942 பிப்ரவரி 15-உடன் நின்று, 1945 செப்டம்பர் 7-இல்தான் மீண்டும் வந்தது. இடையில் இருப்பது சியோனான் டைம்ஸ். அது ஜப்பானியர் நடத்திய தாள். ஜியாங் பீ பிப்ரவரி 13-இலும், மற்ற மூன்றும் 14-இலும் மூழ்கின. ஆகவே அவற்றின் முடிவை 1945 செப்டம்பருக்குப் பிந்தைய இதழ்களில் தேடுவதே சரி. 65 ஆஸ்திரேலியத் தாதியரை ஏற்றிச்சென்ற வைனர் புரூக்கின் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது.

வகைப்பாட்டில்தான் நாளிதழ்கள் தடுமாற வைக்கின்றன. பின்புறத்தில் ஒரு பீரங்கி இருப்பதால் வணிகக் கப்பல் போர்க்கப்பலாகிவிடாது. தற்காப்புக்கு ஆயுதம் தாங்கிய கப்பல் வணிகக் கப்பலே. மாற்றப்பட்ட கப்பலுக்கான அளவுகோல் 1907-ஆம் ஆண்டின் ஏழாம் ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கப்பல் அரசின் நேரடி அதிகாரத்தில் இருக்க வேண்டும். போர்க்கப்பலுக்குரிய வெளி அடையாளம் வேண்டும். தலைவர் அரசுப் பணியில் இருந்து, அவர் பெயர் கடற்படை அதிகாரிகள் பட்டியலில் இடம்பெற வேண்டும். மாலுமிகள் ராணுவ ஒழுங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும். போர் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். மாற்றத்தைப் போர்க்கப்பல் பட்டியலில் விரைவில் அறிவிக்கவும் வேண்டும். செய்தியில் 'ஆயுதக் கப்பல்' என்று படித்தால், இந்த ஆறையும் வைத்துப் பாருங்கள்.

ஆண்டையும் சேர்த்துச் சொல்லாத வகைப்பாட்டுக்கு மதிப்பில்லை. 'எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா' முதல் உலகப் போரில் துணை குரூசர், அதாவது ஆயுதம் பொருத்திப் போர்க்கப்பலாக மாற்றிய பயணிக் கப்பல். அதே கப்பல் 1942 பிப்ரவரி 5-இல் சிங்கப்பூரை ஒட்டிய சுல்தான் ஷோல் அருகே தாக்கப்பட்டபோது படைவீரர்களை ஏற்றிவந்த துருப்புக் கப்பல்.

டன் கணக்கிலும் கவனம் தேவை. வணிகக் கப்பலின் மொத்தப் பதிவு டன் கொள்ளளவைக் குறிக்கும். 100 கன அடி ஒரு டன். போர்க்கப்பலுக்குச் சொல்வது அது விலக்கும் நீரின் எடை. நாளிதழ்கள் இரண்டையும் வெறுமனே 'டன்' என்றே எழுதும். ஒரே கப்பலுக்கு இரண்டு எண்கள் கிடைத்தால், ஒன்று தவறு என்று அவசரப்பட்டு நீக்க வேண்டாம்.

மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். விளம்பரத்தில் உரிமையாளர் பெயரைப் பிடித்ததும், 1930 முதல் 1945 வரையிலான லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் பதிவேட்டின் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. கட்டிய ஆண்டையும் டன்னையும் அங்கே சரிபார்க்கலாம். அதிகாரியின் தகுதிநிலைக்குப் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டைப் பாருங்கள். லீ வோவின் தலைவர் தாமஸ் வில்கின்சனுக்கு விக்டோரியா சிலுவை என்ற பிரிட்டனின் உயரிய வீர விருதை வழங்கிய அறிவிப்பு 1946 டிசம்பர் 17 தேதியிட்ட இணைப்பிதழில் உள்ளது. அவர் கடற்படையின் சேமப்பிரிவு லெப்டினன்ட் என்பதை அங்கேயே காணலாம்.