கூகுள் கலண்டர்: கொழும்பில் சபை நடத்துகிறவருக்கு உதவுமா?

எனக்குத் தெரிந்த போதகர்கள் பலர் இன்னமும் வருஷத் தொடக்கத்தில் வங்கி கொடுக்கிற டயரியில்தான் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறார்கள். டயரி நல்ல சாமான்தான், ஆனால் அது ஒருவருடைய பைக்குள்ளேயே கிடக்கும். பாஸ்டரம்மாவுக்கும் சபைச் செயலாளருக்கும் அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது, ஆளாளுக்கு ஒரு நேரத்தைக் கொடுத்துவிடுவார்கள், கடைசியில் ஒரே சனிக்கிழமை மாலையில் கொட்டாஞ்சேனையில் நிச்சயதார்த்தமும் தெஹிவளையில் வீட்டுக் கூட்டமும் வந்து நிற்கும். வெள்ளவத்தைப் பக்கம் தமிழ்ச் சபையொன்றில் ஊழியம் செய்கிற எனக்கு, போனிலும் கணினியிலும் பலர் சேர்ந்து பார்க்கக்கூடிய கூகுள் கலண்டர் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

2006இல் வந்தது, இலவசம், தமிழிலேயே எழுதலாம். பலர் தொடாமல் விடுகிற பகுதி பகிர்வதுதான். கூட்டங்கள், வீடு சந்திப்பு, குடும்பம் என்று தனித்தனிக் கலண்டர்கள் வைத்து, எதை யாருக்கு எவ்வளவு காட்டுவது என்று நாமே தீர்மானிக்கலாம். செயலாளர் கூட்டங்களை மாற்றலாம், மூப்பர்கள் பார்க்க மட்டும் செய்யலாம், குடும்பக் கலண்டரில் நேரம் இல்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும், விவரம் தெரியாது. இந்த அமைப்புகளைக் கணினியில் செய்வதுதான் இலகு.

ஆலோசனைக்கு வருகிறவர்களின் பெயரை மட்டும் பகிர்ந்த கலண்டரில் எழுதவே வேண்டாம். நிகழ்வைத் தனிப்பட்டது என்று போட்டாலும், மாற்றம் செய்யும் உரிமை உள்ளவர் அதைத் திறந்து பார்க்கலாம். குடும்பப் பிரச்சினையோடு வந்த ஒருவருடைய பெயர் இன்னொருவரின் போனில் தெரிந்துவிட்டால் அதன்பிறகு அந்தச் சபையில் யார் மனம் திறந்து கதைப்பார்கள்? யாருக்கும் பகிராத கலண்டர் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். போதகருடைய வாரத்தில் யாரும் கேட்டு வாங்காத வேலை பிரசங்க ஆயத்தம். வீடு சந்திக்க வாருங்கள் என்று ஆட்கள் கேட்பார்கள், கூட்டத்துக்கு வாருங்கள் என்று குழு கேட்கும், ஆனால் வியாழன் காலையில் வேதத்தோடு உட்காருங்கள் என்று சொல்ல யாரும் போன் எடுப்பதில்லை, அதனால் அது சனி இரவுக்குப் போய்விடுகிறது, ஞாயிறு காலை சனங்கள் பசியோடு வந்து பசியோடு திரும்புகிறார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே ஜெபத்துக்கும் வசனத்துக்கும் நேரம் கிடைக்கத்தானே. இந்த ஆயத்தத்தை வாராவாரம் திரும்ப வரும் நிகழ்வாகப் போட்டு வையுங்கள். செயலாளரும் அதைப் பார்ப்பதால் அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார், நமக்கு யாராவது எடுத்தாலும் "அந்த நேரம் கொடுத்தாச்சு, பின்னேரம் வரட்டுமா?" என்று உண்மையாகவே சொல்லலாம். கவனத்தோடு வேலை செய்ய நேரத்தை அடைத்து வைக்கிற ஃபோகஸ் டைம் என்ற வசதி வேலை, பள்ளிக் கணக்குகளுக்கு மட்டுமே உண்டு, சாதாரண நிகழ்வே போதும். திங்கட்கிழமை ஓய்வு நாளையும் இப்படித்தான் அடைத்து வைக்க வேண்டும், இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்தத் திங்கட்கிழமைகளைத் திருப்பி வாங்க முடியாது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து என்று ஒருமுறை போட்டால் அதுவே திரும்பத் திரும்ப வரும். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை அப்படி ஒழுங்கில் வராது, அதற்கு இலங்கை விடுமுறை நாட்களின் கலண்டரைச் சேர்த்துவிடுங்கள். போயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பாதிச் சபை ஊருக்குப் போய்விடும். அந்த ஞாயிறில் விசேஷ கூட்டம் வைப்பதா என்று முன்கூட்டியே யோசிக்கலாம். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை இரவுகளில் பந்தல் பார்க்க வருகிற கூட்டத்தால் வீதிகள் நிறைந்துவிடும், மாலை வீட்டுக் கூட்டங்களைத் தவிர்ப்பது நல்லது.

குறைகளும் உண்டு. பயண நேரத்தை நாமேதான் தனியாகப் போட வேண்டும், ஆப்பிளின் கலண்டரில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஐந்து மணிக்கு களுபோவில ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் வேதபாடம் என்று கலண்டரில் அழகாகப் பொருந்தும், காலி வீதியில் பொருந்தாது. செத்த வீடு வந்தால் அன்றைக்கும் அடுத்த நாளைக்கும் போட்டதெல்லாம் நகரத்தான் வேண்டும். ஆகவே வாரத்தில் ஒரு பின்னேரத்தை வெறுமையாகவே விட்டு வையுங்கள், தள்ளிப்போனவை வந்து விழ இடம் இருக்கும். நம்மைச் சந்திக்க மற்றவர்களே நேரம் பதிவு செய்கிற பக்கம் ஒன்றை இலவசக் கணக்கிலும் உருவாக்கலாம், வாலிபர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். பெரியவர்கள் "பாஸ்டர், ஒருக்கா வந்து ஜெபிச்சிட்டுப் போங்கோ" என்று போன்தான் எடுப்பார்கள், அவர்களை லிங்க் பக்கம் அனுப்ப வேண்டாம்.

காசு கொடுத்து வேறு செயலி வாங்கத் தேவையில்லை என்பது என் முடிவு. சிறு சபையைத் தனியாகப் பார்க்கிறவருக்கு டயரியே போதும். செயலாளர், மூப்பர்கள், வாலிபர் தலைவர் என்று பலர் சேர்ந்து நேரம் ஒதுக்குகிற சபையென்றால் இதைப் போடுங்கள், போடுவதற்கு முன் அவர்கள் எல்லோரையும் ஒரு மாலையில் இருத்தி எப்படிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுங்கள்.