லாக் வருகிறது என்று காட்டினால் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

உங்கள் கம்பெனியில் ஓப்பன்ஷிஃப்ட்டோ வேறு குபர்நெட்டிஸ் கிளஸ்டரோ (பல சர்வர்களைச் சேர்த்து அப்ளிகேஷன்களை ஓட்டும் அமைப்பு) ஓடுகிறது, அதன் லாக்குகளை (என்ன நடந்தது என்று சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவு வரிகளை) வெளியே ஒரு சர்வருக்கு அனுப்புகிற வேலையை வெளியாட்களிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கொடுத்துவிட்டோம். ஏமாந்தது ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் எங்கள் டீமில் ஒரு பையன் செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நிற்க வேண்டி வந்தபோது.

நாங்கள் நாலு பேர் மட்டும் உள்ள டீம். கிளஸ்டரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஆனால் லாக் விஷயத்தில் ஆழமாக யாருக்கும் அனுபவம் கிடையாது. பாதுகாப்பு டீம் வைத்திருக்கும், லாக்குகளை வாங்கிச் சேர்த்துவைக்கும் சிஸ்லாக் சர்வருக்கு எல்லா லாக்கும் போக வேண்டும், 180 நாள் இருக்க வேண்டும். இந்த 180 நாள் எங்கள் ஆசைக்காக வைத்த கணக்கு இல்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், நம் எல்லா கணினி அமைப்புகளின் லாக்குகளையும் 180 நாள் இந்தியாவுக்குள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதனால் இந்த வேலையில் பெரிய அனுபவம் இருப்பதாகச் சொன்ன ஒரு சின்ன நிறுவனத்தைக் கூப்பிட்டோம். அவர்கள் தந்த கொட்டேஷனில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருந்தன: அப்ளிகேஷன், இன்ஃப்ரா (கிளஸ்டரின் சொந்தப் பாகங்கள் எழுதுவது), ஆடிட் (யார் எதை மாற்றினார்கள் என்பது) மூன்று வகை லாக்கும் போகும், டிஎல்எஸ் வழியாக, அதாவது வெளியாள் படிக்க முடியாதபடி பூட்டிப் போகும், சோதித்துக் காட்டி ஒப்படைப்போம்.

மூன்று நாள் வந்தார்கள். கடைசி நாள் மாலை மீட்டிங் அறையில் திரையைப் போட்டு, எங்கள் டெஸ்ட் நேம்ஸ்பேஸில் (கிளஸ்டரில் சோதனைக்கு ஒதுக்கிய பகுதி) ஒரு 'பாட்' (கிளஸ்டரில் அப்ளிகேஷன் ஓடும் சின்ன அலகு) ஓடவிட்டு, அது எழுதுகிற வரிகள் அந்தப் பக்கம் சிஸ்லாக் சர்வரில் வந்து விழுவதைக் காட்டினார்கள். "பாருங்க சார், ரியல் டைம்ல வருது." பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எந்த லாக் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கிளஸ்டர் லாக் ஃபார்வர்டரின் நிலை 'ரெடி' என்று காட்டியதையும் சுட்டிக்காட்டினார்கள். எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போட்டார், பணம் போனது.

அந்த 'ரெடி'யைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் விழுவார்கள். நீங்கள் எழுதிய யாமலில் (அதன் அமைப்பு விவரங்கள் இருக்கும் கோப்பு) தப்பில்லை, அதை ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒரு வரியாவது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமே இல்லை.

முதல் அடையாளம் மறுநாளே தெரிந்திருக்க வேண்டும். ஓப்பன்ஷிஃப்ட் கன்சோலில் லாக் பார்க்கிற பக்கம் காலியாகிவிட்டது. கேட்டதற்கு, "இனிமே எல்லாமே புது இடத்துக்குப் போகுது சார், அது தேவையில்லை" என்றார்கள். உண்மை என்னவென்றால், நாங்கள் வைத்திருந்த லாகிங் 5 வரிசையில், ஃபார்வர்டர் ஒன்றை நீங்களே எழுதினால், உள்ளேயே இருக்கும் சேமிப்பிடத்துக்குப் போவது தானாக நின்றுவிடும். பைப்லைனில் (எந்த வகை லாக் எந்த இடத்துக்கு என்று எழுதும் பகுதி) 'டிஃபால்ட்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இரண்டு இடத்துக்கும் போயிருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்கவில்லை, சேர்க்கலாம் என்று எங்களிடம் சொல்லவும் இல்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை இரவு, புரொடக்ஷனில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் சீக்ரெட்டை யாரோ மாற்றிவிட்டார்கள். பாடுகள் ரீஸ்டார்ட் ஆனபோது ஒன்றும் இணைய முடியாமல் சர்வீஸ் மொத்தமாக விழுந்தது. அன்று ஷிஃப்டில் இருந்தவன் டீமிலேயே சின்னவன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணா, நான் அந்தப் பக்கமே போகலை" என்று என்னிடம் சொன்னான். நான் நம்பினேன். ஆடிட் லாக்கை எடுத்தால் யார், எந்த ஐபியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த சீக்ரெட்டை மாற்றினார்கள் என்று ஒரே வரியில் இருக்கும், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தைரியம் சொல்லிவிட்டு சிஸ்லாக் சர்வரில் தேடினேன்.

ஒரு வரி இல்லை. அந்த இரவுக்கு மட்டும் இல்லை, ஏழு மாதத்துக்கும் இல்லை.

யாமலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பைப்லைன் ஒன்றே ஒன்று. அதன் உள்ளீட்டுப் பட்டியலில் 'அப்ளிகேஷன்' மட்டும் இருக்கிறது. இன்ஃப்ரா இல்லை, ஆடிட் இல்லை. அதற்கு மேலே போக வேண்டிய முகவரி: யுடிபி, போர்ட் 514. கொட்டேஷனில் எழுதிய டிஎல்எஸ் எங்கேயும் கிடையாது, அதற்கான சான்றிதழ் கேட்டு எங்களுக்கு ஒரு மெயில்கூட வந்ததில்லை. அதாவது எங்கள் வாடிக்கையாளர்களின் போன் நம்பர் இருக்கும் லாக் வரிகள் ஏழு மாதம் நெட்வொர்க்கில் திறந்த கடிதமாகப் போய்க்கொண்டிருந்தன.

யுடிபி என்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அனுப்புகிறவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவே தெரியாது. சிஸ்லாக் சர்வரை மாதாமாதம் பேட்ச் போட நிறுத்துவோம், அந்த நேரத்து வரிகளெல்லாம் காற்றில் போயின, எங்கேயும் ஒரு எர்ரர் கிடையாது. அது போதாதென்று, அந்தப் பக்கம் லாக்கை வாங்கிக்கொண்டிருந்த மென்பொருள் ஆர்சிஸ்லாக். அது தானாக ஏற்கும் செய்தி அளவு 8 கேபி. எங்கள் ஜாவா சர்வீஸ் பிழையை முழு ஸ்டேக் ட்ரேஸோடு (பிழை எங்கெங்கே வழியாக வந்தது என்ற பட்டியல்) ஒரே ஜேசன் வரியாக எழுதும். அதெல்லாம் நடுவில் வெட்டுப்பட்டு வந்திருந்தது, எது முக்கியமோ அதுதான் காணோம்.

கிளஸ்டரை இயக்கும் சர்வர்களான மாஸ்டர் நோடுகளில் ஆடிட் கோப்புகள் இருக்குமே என்று போய்ப் பார்த்தோம். கிளஸ்டர் பரபரப்பாக ஓடும் இடத்தில் அவை சுழன்று பழையது அழிந்துகொண்டே இருக்கும். நாங்கள் போவதற்குள் சனிக்கிழமை அழிந்திருந்தது. சாதாரண பாட் லாக்குக்கும் இதே கதைதான். குபர்நெட்டிஸின் வழக்கமான அமைப்பில் ஒரு கன்டெய்னருக்கு (பாட் உள்ளே ஓடும் புரோகிராம்) 10 எம்பி வீதம் 5 கோப்புகள்தான், அந்தப் பாட் முழுவதையும் நீக்கிவிட்டால் அதுவும் போச்சு. நோடில் இருக்கிறதே என்று தெம்பாக இருக்க முடியாது.

அந்த நிறுவனத்துக்கு போன் செய்தேன். "அக்செப்டன்ஸ்ல சைன் பண்ணீட்டீங்களே சார், ஆடிட் வேணும்னா தனி ஸ்கோப்" என்றார்கள். கொட்டேஷனின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு அப்புறம் போனை எடுக்கவில்லை. ஓப்பன்ஷிஃப்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதியதை அது சரியாகத்தான் செய்தது.

இப்போது நாங்களே திருத்தினோம். மூன்று வகையும் பைப்லைனில் இருக்கிறது, டிஎல்எஸ் போர்ட் 6514, உள்ளே ஒரு பிரதி, ஆர்சிஸ்லாக்கில் செய்தி அளவைக் கூட்டியாயிற்று. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் கையெழுத்துக்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்: 1 முதல் 10,000 வரை எண் போட்டு வரி எழுதும் பாட் ஒன்றை ஓடவிட்டு, நடுவில் பெறுகிற சர்வரைப் பத்து நிமிஷம் நிறுத்தி மறுபடி கிளப்பி, எத்தனை எண் வந்து சேர்ந்தது என்று எண்ணுங்கள். விட்டுப்போன எண்களை அவர்கள் கண்முன்னே படித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு டம்மி சீக்ரெட்டை உங்கள் பெயரிலேயே மாற்றிவிட்டு, உங்கள் பெயரை அந்தப் பக்கம் தேடச் சொல்லுங்கள். உங்கள் சர்வீஸ் எழுதுகிற மிக நீளமான பிழை ஒன்றையும் வரவழைத்து, கடைசி அடைப்புக்குறி வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட் நேம்ஸ்பேஸில் நாலு வரி ஓடுவதைக் காட்டினால் "சரி" என்று சொல்லாதீர்கள்.

அந்த சீக்ரெட்டை மாற்றியது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. விசாரணை அறிக்கையில் "காரணம் உறுதி செய்ய முடியவில்லை" என்று எழுதி, அதற்குக் கீழே அன்று ஷிஃப்டில் இருந்தவர் என்று அந்தத் தம்பியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லி நான் மூன்று தடவை மெயில் எழுதிவிட்டேன்.